18650 பேட்டரியை நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுக்கலாமா?

கேள்வி: தோட்டத்து ஈரப்பத சென்சாருக்காக ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சிப்) மாட்யூல் மட்டும், போர்டு இல்லாமல் வாங்கினேன். பேட்டரி 18650 என்கிற லித்தியம் அயன் செல், 3.7 வோல்ட், மாட்யூல் 3.3 வோல்ட், "0.4 தானே, நேராகவே கொடுங்க" என்கிறார் கடைக்காரர். நடுவில் ஒரு டயோடு போட்டால் போதும் என்கிறார் நண்பர். ரெகுலேட்டர்தான் (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் பாகம்) வேண்டுமென்றால் எதை வாங்குவது?

பதில்: நேராகக் கொடுக்காதீர்கள். 3.7 என்பது பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம்தான். முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட். தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: சிப் ஒழுங்காக வேலை செய்யும் வரம்பு ஒன்று, தாண்டினால் சிப் கெடலாம் என்கிற உச்ச வரம்பு ஒன்று. ஈஎஸ்பி32 மாட்யூலுக்கு முதலாவது 3.0 முதல் 3.6 வரை, இரண்டாவதும் 3.6-தான். இடையில் மிச்சமே கிடையாது. 4.2-இலும் சிலருக்கு ஓடுகிறது, உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒரே நாளில் போவதில்லை. தேய்ந்து தேய்ந்து பிறகுதான் போகும்.

டயோடு யோசனை கேட்க நன்றாக இருக்கும். 1என்4007 என்கிற டயோடைப் போட்டால் வைஃபை ஓடும்போது 0.7 முதல் 0.8 வோல்ட் குறையும். ஆழ்ந்த உறக்கத்தில் சிப் இழுப்பது வெறும் 10 மைக்ரோஆம்பியர். அப்போது டயோடில் விழுவது 0.4 அளவுக்குத்தான். 4.2-இல் அதைக் கழித்தால் 3.8, அதாவது சிப் தூங்கும்போதுதான் அதற்கு அடி. பேட்டரி 3.6-க்கு இறங்கிய பிறகோ நேர் எதிர்ப் பிரச்சினை: வைஃபை கிளம்பியதும் 2.8 மட்டுமே கிடைக்கும், சிப் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

ரெகுலேட்டர் கேட்டால் கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவது ஏஎம்எஸ்1117. பேட்டரிக்கு அது வேண்டாம். உள்ளே வருவதில் சுமார் 1.1 வோல்ட் அதற்கே போய்விடும், 3.7 கொடுத்தால் 2.6 வரும். தன் பங்குக்கு எப்போதும் 5 மில்லிஆம்பியர் குடிக்கும். சிப் தூங்கினாலும் 2500 எம்ஏஎச் பேட்டரி மூன்று வாரத்தில் காலி. எச்டி7333 சிக்கனமானது, ஆனால் 250 மில்லிஆம்பியர்தான் தரும். ஈஎஸ்பி32-க்கு 500 தரக்கூடிய சப்ளை வேண்டும்.

ஏபி2112கே-3.3 (600 மில்லிஆம்பியர்) அல்லது எச்டி7833 (500) வாங்குங்கள். முதலாவது ஐந்து கால் கொண்ட பொடி சிப். அதன் எனேபிள் காலை (சிப்பை ஆன் செய்யும் கால்) உள்ளீட்டோடு சேர்க்காவிட்டால் வெளியே எதுவும் வராது. கையால் சால்டர் செய்பவருக்கு மூன்று கால் எச்டி7833 வசதி. உள்ளே, வெளியே சிறு கெபாசிட்டர்கள் போக, மாட்யூலின் பின்னுக்குப் பக்கத்திலேயே 100 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.1 ஒன்றும் வையுங்கள். மாட்யூலை இணைக்கும் முன் வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

ரெகுலேட்டரே வேண்டாம் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் (3.2 வோல்ட்) இருக்கிறது. அதை 3.65 வரை சார்ஜ் ஏற்றுவார்கள் என்பதால், சார்ஜ் செய்யும்போது மாட்யூலைக் கழற்றிவிட வேண்டும். டிபி4056 சார்ஜர் அதற்கு ஆகாது, அது 4.2 வரை ஏற்றிவிடும்.

கேள்வி: ஆர்டுயினோ நானோ போர்டின் 5 வோல்ட் பின்னில் நான்கு ஏஏ செல் போடலாமா?

பதில்: எந்தச் செல் என்பதைப் பொறுத்தது. அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு இயங்கு வரம்பு 5.5, உச்ச வரம்பு 6.0. புது அல்கலைன் செல் ஒன்று 1.6 இருக்கும், நான்கும் சேர்ந்தால் 6.4. போடக்கூடாது. மூன்று போட்டால் 4.8. சார்ஜ் செய்யும் நிக்கல் வகை என்றால் நான்கு போடலாம், 4.8-தான், ஆனால் சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டில் 5.6-ஐத் தாண்டக்கூடும், அதனால் சில மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 5 வோல்ட் பின்னில் கொடுக்கும் மின்சாரம் போர்டின் ரெகுலேட்டர் வழியாகப் போகாது. நேராகச் சிப்புக்கே போகும்.