ஐந்து வளாகம், ஐந்து கணிதப் பாடநூல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: டெக்சாஸில் ஐந்து வளாகங்கள் கொண்ட ஒரு பொதுச் சார்ட்டர் பள்ளிக் குழுமத்தில் (அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகள்) முதன்மைக் கல்வி அதிகாரியாக ஜூலையில் பொறுப்பேற்கிறேன். கணித ஆசிரியையாகத் தொடங்கி முதல்வரானவள். கிண்டர்கார்டன் முதல் எட்டாம் வகுப்பு வரை சுமார் 2,200 பிள்ளைகள், ஒவ்வொரு வளாகத்திலும் வகுப்புக்கு இரண்டு பிரிவு. ஏ முதல் எஃப் வரையிலான மாநிலத் தரவரிசையில் இரண்டு வளாகங்கள் பி, இரண்டு சி, ஒன்று டி. ஒவ்வொரு முதல்வரும் தமக்குப் பிடித்த பாடநூலை வைத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே "உங்கள் திட்டம் என்ன?" என்று போர்டு (குழுமத்தின் நிர்வாகக் குழு) கேட்கும். என்ன சொல்வது, எதை முதலில் கையில் எடுப்பது?

பதில்: போர்டுக்கு முப்பது ஸ்லைடு வேண்டாம், இரண்டு பட்டியல் போதும். ஐந்து வளாகங்களிலும் ஒன்றாகவே இருக்க வேண்டியவை ஒரு பட்டியல். முதல்வர் கையில் விடுபவை இன்னொன்று. இந்த இரண்டையும் எழுதி வைக்காத குழுமத்தில் ஒவ்வொரு விஷயமும் ஒவ்வொரு மாதமும் புதிதாகப் பேரம் பேசப்படும். பேரத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் நன்றாக நடக்கும் வளாகத்தின் முதல்வர். அடிபடுவது டி வளாகம்.

குழுமம் என்பதால் மட்டும் பலன் தானாக வந்துவிடாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சார்ட்டர் மாணவர்கள் ஒப்பிடத்தக்க அரசுப் பள்ளி மாணவர்களைவிட ஆண்டுக்கு வாசிப்பில் 16 நாள், கணிதத்தில் 6 நாள் கற்றலுக்கு இணையான முன்னேற்றம் அதிகம் கண்டார்கள். குழுமங்கள் நடத்தும் பள்ளிகளை மட்டும் எடுத்தால் அது 27 நாள், 23 நாள். ஆனால் இவை சராசரிகள். கூடுதல் நாள்களை ஈட்டும் குழுமமும் உண்டு, ஐந்து தனிப் பள்ளிகளுக்கு ஒரே பெயர்ப்பலகை மாட்டியது போன்ற குழுமமும் உண்டு. நீங்கள் சொல்லும் நிலவரம் இப்போதைக்கு இரண்டாவது வகை.

ஒன்றாக இருக்க வேண்டியவை என்று நாங்கள் வைப்பது: கணிதத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே பாடநூல், எந்த வாரம் எந்தப் பாடம் என்று சொல்லும் ஒரே பாட ஓட்டம், ஒரே நாளில் ஒரே இன்டரிம் (இடைக்கால) தேர்வு, கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை ஒரே ஒலிப்புமுறை வாசிப்புப் பயிற்சி, ஒரே மதிப்பெண் விதி. முதல்வரிடம் விடுபவை: பாடவேளை அட்டவணை, எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு, காலை அசெம்ப்ளி, பெற்றோர் நிகழ்ச்சிகள், கிளப்புகள், வளாகத்தின் கையிருப்புப் பணத்தில் எதை வாங்குவது. முதல் பட்டியல் ஐந்தாறு வரிக்கு மேல் நீண்டால் அதை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

பாடநூலை ஒன்றாக்குவதற்கு உங்கள் எண்ணிக்கையே காரணம் சொல்கிறது. வளாகத்துக்கு வகுப்புக்கு இரண்டு பிரிவு என்றால், நாலாம் வகுப்புக் கணிதம் நடத்துபவர் ஒரு வளாகத்தில் அதிகபட்சம் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் புதியவராக இருந்தால் மற்றவர் பாடு திண்டாட்டம். ஐந்து வளாகங்களிலும் ஒரே வாரம் ஒரே பாடம் நடந்தால், பத்து பேர் வியாழன் மாலை 45 நிமிடம் வீடியோ அழைப்பில் அடுத்த வாரப் பாடத்தைச் சேர்ந்து திட்டமிடலாம். புத்தகம் வேறு வேறாக இருந்தால் அந்த அழைப்பில் வானிலையைத்தான் பேசலாம்.

முதல் ஆண்டில் கணிதத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பாடநூலையும் ஒரே ஆகஸ்டில் மாற்றினால், இரண்டையும் ஒருவரே நடத்தும் தொடக்க வகுப்பு ஆசிரியர் இரவு பதினொன்று வரை விழித்துப் பாடம் படிப்பார். அக்டோபரில் பழைய ஒர்க்ஷீட்டுக்குத் திரும்பிவிடுவார். செலவுக்கு வழி உண்டு. 2023-ன் எச்.பி. 1605 என்ற மாநிலச் சட்டப்படி, மாநிலக் கல்வி வாரியம் ஒப்புதல் தந்த பாடநூலை எடுத்தால் மாணவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் கூடுதலாகக் கிடைக்கும். மாநிலத்தின் இலவசப் பாடநூலான புளூபானெட்டை எடுத்தால் அச்சுச் செலவுக்கு மேலும் 20 டாலர். தொடக்க வகுப்புகளுக்கான புளூபானெட் கணிதம் யுரேகா என்ற கணிதப் பாடநூலை அடிப்படையாகக் கொண்டது. அதன் வாசிப்பு நூல் வேறு கதை. பைபிள் சார்ந்த பகுதிகளால் சர்ச்சையாகி, 2024 நவம்பரில் வாரியத்தில் 8-க்கு 7 என்ற வாக்கில்தான் தேறியது. எடுப்பது கட்டாயமில்லை. எடுக்க நினைத்தால் போர்டும் பெற்றோரும் முதலில் பேசி முடிக்கட்டும். பாதி ஆண்டில் அந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது நாள் கணக்கு. டெக்சாஸில் ஆண்டுக்கு 75,600 நிமிடம் பள்ளி நடக்க வேண்டும். ஏழரை மணி நேர நாள் என்றால் 168 நாள். இதில் மாநிலத்தின் ஆண்டுத் தேர்வான ஸ்டார் நடக்கும் நாள்கள், வளர்ச்சியை அளக்க ஆண்டுக்கு மூன்று முறை வைக்கும் மேப் தேர்வு, இன்டரிம்கள், சுற்றுலா, விடுமுறைக்கு முந்தைய அரைகுறை நாள்கள் எல்லாம் போனால், ஏப்ரல் ஸ்டாருக்கு முன் கையில் நிற்பது சுமார் 130 கணித வகுப்பு. புத்தகத்தில் 150 பாடம் இருக்கும். இருபதைத் தள்ளியே ஆக வேண்டும், அதை யார் தள்ளுவது என்பதுதான் கேள்வி. உங்கள் அலுவலகம் தள்ளாவிட்டால் ஆசிரியர் தள்ளுவார், கடைசி யூனிட்டிலிருந்து. வடிவியலும் தரவு வரைபடமும் ஐந்து வளாகங்களிலும் ஆண்டுதோறும் பலவீனமாக இருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், மே மாத அட்டவணையைப் பாருங்கள். ஜூலையில் வகுப்புக்கு இரண்டு அனுபவசாலி ஆசிரியர்களைக் கூலி கொடுத்து உட்காரவைத்து, எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பெயர் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின் இரண்டு நாள் காலியாக விடுங்கள். மறுபடி கற்பிக்க அந்த நாள் வேண்டும். அது இல்லாத பாட ஓட்டத்தில் இன்டரிம் தேர்வு நடத்துவது வீண்.

இன்டரிம் ஆண்டுக்கு மூன்று, ஏழெட்டு வாரத்துக்கு ஒன்று. அதுவரை நடத்திய பாடத்திலிருந்து மட்டும் கேள்வி. முடிவு 48 மணி நேரத்துக்குள் ஆசிரியர் கையில். குழுமங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: சந்தையில் வாங்கிய வினாத்தாளில் இன்னும் நடத்தாத பாடம் இருக்கும், "இது நாங்கள் நடத்தவே இல்லை" என்ற ஒரே வாக்கியத்தில் கூட்டம் முடிந்துவிடும். மேப் தேர்வை இதற்குப் பதிலாக வைக்க முடியாது. வளர்ச்சியை அளக்க அது நல்ல கருவி, ஆனால் போன வாரப் பாடத்தில் எது புரியவில்லை என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது தினசரி எக்ஸிட் டிக்கெட்டும் (வகுப்பு முடியும்போது பிள்ளைகள் எழுதித் தரும் ஒரு கேள்விக்கான பதில்), அதை வைத்து வாரம் ஒருமுறை நடக்கும் 30 நிமிடக் கூட்டமும்தான். ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நாலாம் வகுப்பு, டெக்சாஸ் பாடத்தரம் 4.3 டி: தொகுதியும் பகுதியும் வேறான இரண்டு பின்னங்களை ஒப்பிடுதல். கேள்வி: "3/4 கப், 5/8 கப், எது அதிகம்? எப்படித் தெரியும்?" 24 தாள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பதிலை மட்டும் பார்த்தால் 15 சரி, 9 தப்பு. அப்படியே கணினியில் ஏற்றினால் 63 சதவீதம். இப்போது விளக்கத்தைப் படித்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். பத்து பேர் 3/4-ஐ 6/8 ஆக்கியோ படம் போட்டோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பேர், "நாலு துண்டாக வெட்டினால் துண்டு பெரிசு, அதனால் 3/4" என்கிறார்கள். மேலே இருக்கும் எண்ணை அவர்கள் பார்க்கவே இல்லை. மீதி ஒன்பது பேர், "5 பெரிசு, 8-ம் பெரிசு, அதனால் 5/8". ஆக உண்மையில் புரிந்தவர்கள் பத்து பேர், 42 சதவீதம்.

மறுநாள் என்ன கேட்பது? 3/4, 7/8 என்று கேட்டால் "துண்டு பெரிசு" ஐவர் மாட்டுவார்கள். ஆனால் "எண் பெரிசு" ஒன்பது பேர் தப்பான காரணத்தோடு சரியான பதில் சொல்லித் தப்பித்துவிடுவார்கள். அதனால் 3/4, 7/8 ஒன்று, 2/3, 3/6 ஒன்று என இரண்டும் கேட்க வேண்டும். முதல் பத்து நிமிடம் எல்லாரும் எண்கோட்டில் இரண்டையும் குறிக்கட்டும், அடுத்த பத்து நிமிடம் ஒரே பகுதிக்கு மாற்றட்டும். கூட்டத்தில் இந்த அளவுக்கு இறங்கிப் பேசினால்தான் அது கூட்டம். சிவப்பு, மஞ்சள், பச்சை நிறமடித்த எக்செல் தாளைச் சுற்றி உட்கார்ந்து "பின்னங்களில் கவனம் தேவை" என்று எழுதிவிட்டுக் கலைவதால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை.

இந்தக் கூட்டத்தை நடத்த ஆள் வேண்டும். ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பயிற்சியாளரான ஒரு கோச்சுக்கு எட்டு ஆசிரியருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆளுக்கு வாரம் 15 நிமிட வகுப்புப் பார்வை, 30 நிமிட உரையாடல் என்றால் எட்டுப் பேருக்கு ஆறு மணி நேரம். காகிதத்தில் எளிது. நடப்பில் ஆசிரியர் லீவு போட்டால் கோச்தான் வகுப்பில் நிற்பார், மதிய உணவு மேற்பார்வையும் அவர் தலையில் விழும். கோச்சுகளின் காலண்டரை மாதம் ஒருமுறை நீங்களே திறந்து, நடந்த பார்வைகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் அந்த வளாகத்துக்குத் தேவை இன்னொரு பயிற்சி வகுப்பு அல்ல, இரண்டு மாற்று ஆசிரியர்கள்.

பின்தங்கிய பிள்ளைகளுக்கான கூடுதல் பாட நேரத்தையும் ஜூலையிலேயே கணக்குப் போடுங்கள். எச்.பி. 1416 படி, ஸ்டாரில் தேறாத பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு 15 மணி நேரம், மிகவும் பின்தங்கியவருக்கு 30, அதிகபட்சம் இரண்டு பாடம், பொதுவாக நாலு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். வாரம் மூன்று நாள் அரை மணி என்று வைத்தால் 30 மணி நேரத்துக்கு 20 வாரம் ஆகும். செப்டம்பரில் தொடங்கினால் பிப்ரவரி, மார்ச்சில் முடியும். ஜனவரியில் விழித்தால் முடியாது. இதற்கென்று அட்டவணையில் தனிப் பாடவேளை ஒதுக்குங்கள். நாலாம் வகுப்புக் கணித நேரத்திலேயே பிள்ளையை வெளியே அழைத்து இரண்டாம் வகுப்புக் கணிதம் சொல்லிக்கொடுத்தால், இந்த ஆண்டுப் பாடமும் போய்விடும்.

தரவரிசையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மதிப்பெண்ணில் 70 சதவீதம் மாணவர் அடைவு, முன்னேற்றம் ஆகிய இரண்டில் எது மேலோ அதிலிருந்து வருகிறது, 30 சதவீதம் வெவ்வேறு மாணவர் குழுக்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறைப்பதிலிருந்து. ஸ்டார் அடைவைக் கணக்கிடும்போது அப்ரோச்சஸ் (தேர்ச்சிக் கோடு), மீட்ஸ் (வகுப்புக்குரிய தரம்), மாஸ்டர்ஸ் (அதற்கும் மேல்) என்ற மூன்று நிலைகளின் சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். ஆகவே மீட்ஸ் எட்டிய பிள்ளை இரண்டு முறை, மாஸ்டர்ஸ் எட்டியவர் மூன்று முறை எண்ணப்படுகிறார். தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பத்துப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்து மார்ச் முழுக்கப் பயிற்சி தரும் பழக்கம் கணக்குப்படியே நஷ்டம், நியாயமும் இல்லை. ஸ்டாருக்குப் பதிலாக 2027-28 முதல் ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள் வரப்போகின்றன. அதற்குப் பிறகு உங்கள் இன்டரிம்களில் எதை விடுவது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

சிறப்புக் கல்வியை "அது வேறு துறை" என்று ஒதுக்காதீர்கள். டெக்சாஸ் சார்ட்டர் தானே ஒரு மாவட்டத்துக்குச் சமம், பொறுப்பைத் தள்ளிவிட மேலே வேறு மாவட்டம் கிடையாது. பெற்றோர் சம்மதம் தந்ததிலிருந்து 45 பள்ளி நாளுக்குள் மதிப்பீடு, அதன்பின் 30 நாளுக்குள் ஏ.ஆர்.டி. கூட்டம் (பிள்ளைக்கு என்ன சிறப்புக் கல்வி என்று பெற்றோரோடு சேர்ந்து முடிவு செய்வது). ஐந்து வளாகங்களுக்கும் சேர்த்து ஒரே தேதிப் பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். புதிய கணிதப் பாடநூலுக்கான ஆகஸ்ட் பயிற்சியில் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் உட்கார வேண்டும். பலரும் மறப்பது இது. மறந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் பழைய புத்தகம் தொடரும்.

முதல்வர்களிடம் இதையெல்லாம் ஜூலை முதல் வாரமே, தனித்தனியாக, வளாகத்துக்கே போய்ச் சொல்லுங்கள். பி வளாக முதல்வர்தான் அதிகம் முரண்டு பிடிப்பார், அவர் புத்தகம் அவருக்கு வேலை செய்கிறது. பாட ஓட்டம் எழுதும் குழுவில் அவருடைய சிறந்த ஆசிரியரைச் சேருங்கள், விலக்கு மட்டும் தராதீர்கள். ஒருவருக்கு விலக்கு தந்த மறுநாள் மற்ற நால்வரும் வாசலில் நிற்பார்கள்.

போர்டிடம் ஆண்டு முழுவதும் நாலே எண்ணைக் காட்டுவதாகச் சொல்லிவிடுங்கள்: பாட ஓட்டத்தில் ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்காத வகுப்புகள் எத்தனை, நடந்த கோச் பார்வைகள் எத்தனை, 48 மணி நேரத்தில் முடிவு கிடைத்த இன்டரிம் எத்தனை, வளர்ச்சி இலக்கை எட்டிய பிள்ளைகள் எத்தனை. முதல் மூன்றும் அக்டோபரிலேயே தெரியும், நாலாவதற்கு ஜனவரி மேப் வரை பொறுக்க வேண்டும். 2013 சட்டப்படி தொடர்ந்து மூன்று ஆண்டு ஏற்கத்தகாத தரம் வாங்கும் சார்ட்டரின் உரிமத்தை மாநிலம் ரத்து செய்தே ஆக வேண்டும் என்பது போர்டுக்குத் தெரியும். அதனால் டி வளாகத்தைப் பற்றித்தான் துருவுவார்கள். அந்த வளாகத்துக்குத் தனித் திட்டம் எதுவும் போடாதீர்கள், அதே திட்டம்தான், ஆள் மட்டும் கூடுதல்: எட்டுக்குப் பதில் ஐந்து ஆசிரியருக்கு ஒரு கோச், நீங்கள் வாரம் ஒரு முழு நாள் அங்கே, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான கணித இடங்கள் ஜூலை முடிவதற்குள் நிரம்பியிருக்க வேண்டும். மற்ற வளாகத்திலிருந்து நல்ல ஆசிரியரை அங்கே மாற்றுவதானால் ஊக்கத்தொகையை எழுத்தில் கொடுங்கள், இரண்டு ஆண்டுக்குக் குறையாமல்.