தங்கைக்கு எந்தச் சிங்கப்பூரைக் காட்டுவது?

கேள்வி: மதுரையிலிருந்து தங்கை குடும்பம் ஐந்து நாள் வருகிறது. செந்தோசா, மரினா பே எல்லாம் அவர்கள் கைப்பேசியிலேயே பார்த்து முடித்துவிட்டார்கள். சுற்றுப்பயணிகள் போகாத, உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த பத்து இடங்களைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்கள் கூடுவதையும் காட்டி, படம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். – வாசகர், ஈசூன்

பதில்: பத்து இடம் தரமாட்டேன். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டும் நீங்கள் ஓடத்தான் போகிறீர்கள்.

ஈசூனில் குடியிருக்கிறீர்கள். நீங்கள்தானே உள்ளூர்க்காரர்? சனிக்கிழமை காலை எங்கே பசியாறுகிறீர்கள், முடி வெட்ட எங்கே போகிறீர்கள்? அங்கே கூட்டிப்போங்கள். இங்கே முக்கால்வாசிப் பேருக்கு மேல் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். உங்கள் புளோக் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுவதையும், வாரக்கடைசியில் மலாய்க் கல்யாணமோ சீனர் வீட்டுத் துக்கமோ நடப்பதையும் உங்கள் தங்கை பார்க்கட்டும். துக்க வீடு என்றால் குரலைத் தாழ்த்தி, ஒதுங்கி நடக்கவேண்டும் என்பதை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

காப்பிக்கடையில் அவரே வரிசையில் நின்று சொல்லட்டும். 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது. சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021 முதல் அது கட்டாயம். நம் உணவங்காடிப் பழக்கத்தை யுனெஸ்கோ 2020இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் சமையலுக்கு எவ்வளவு பங்கோ, முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இனி தேக்கா. உங்கள் கேள்வியில் என்னை வருத்தியது அந்தக் கடைசி வரிதான். வாரம் முழுக்கக் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள், கிடைத்த ஒரு நாளில் வீட்டுக்குப் பணம் அனுப்பி, ஊர்க்காரரைத் தேடிப் பிடித்து, புல்தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அது அவர்கள் வீட்டுத் திண்ணை. திண்ணையில் இருப்பவரைத் தெருவில் நின்று படம் எடுப்போமா? தேக்காவுக்கு அவர்களைவிட நெருங்கிய உள்ளூர்க்காரர் யார் என்றும் யோசித்துப் பாருங்கள். உங்கள் தங்கை மதுரைக்காரர். பக்கத்தில் போய் “எந்த ஊருண்ணே?” என்று கேட்டால் உசிலம்பட்டியோ மேலூரோ என்று பதில் வரலாம். அப்படிப் பேசமுடியுமானால் போங்கள். கேமராவோடு போகாதீர்கள்.

தேக்காச் சந்தைக்குக் காலையிலேயே போவது நல்லது. திங்கட்கிழமை வேண்டாம், மீன்கடைகள் பல மூடியிருக்கும். கறிவேப்பிலை, வாழையிலை, ஆட்டிறைச்சி என்று தங்கைக்கு எல்லாம் பழக்கமானதாகத்தான் இருக்கும். ஆனால் சீன மீன்காரர் தமிழில் விலை சொல்வதை மதுரையில் கேட்கமுடியாது. அங்கே ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. பக்கத்துத் தெருவுக்கு பஃபலோ ரோடு என்றும், மகப்பேற்று மருத்துவமனைக்கு கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றும் பெயர் வந்தது அதனால்தான். நாம் சொல்லும் 'கேகே' அதன் சுருக்கம்.

அப்புறம், வாட்டர்லூ ஸ்திரீட். 1870இல் தொடங்கிய கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோயிலும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் வாசலிலும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். இத்தனை வருடமாகப் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள்.

பயணப் பேருந்து எதற்கு? சைனாடவுனில் 2ஆம் எண் பேருந்தில் ஏறி, மாடியில் முன்னிருக்கையைப் பிடியுங்கள். கேலாங்கின் பழைய கடைவீடுகள், வீவக வீட்டு வரிசைகள், சாங்கிச் சிறை எல்லாம் தாண்டி சாங்கி வில்லேஜ் வரை போகும். கட்டணம் மூன்று வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்). அங்கே நாசி லெமாக் (மலாய்த் தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டு, உபின் தீவுக்குப் போகும் படகுத்துறைக்கு நடங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், அதுவரை பெஞ்சில் காத்திருக்கவேண்டும். பிள்ளைகள் அலுத்துக்கொண்டாலும் தனிப்படகு எடுக்காதீர்கள்.

மரினா பேயை ஒதுக்கவும் வேண்டியதில்லை. மாலையில் மரினா அணைக்கட்டின் புல்மாடியில் பட்டம் விடுகிறவர்கள் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள். ஈசூன் சந்தைக்குத் தங்கையோடு போய், அவர் கையால் மீன் பொறுக்கி வாங்கி, உங்கள் வீட்டு அடுப்பில் அவரையே குழம்பு வைக்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டு மலாய்க்காரருக்கோ சீனருக்கோ ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். தங்கையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.