எல்லாம் ஒன்றுதானா?

அன்புள்ள ஐயா,

பணயக்கைதிகளை மீட்கப் பேசும் போலீஸ்காரர்கள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘நெகோஷியேட்டர்’ என்று வந்த இடத்திலெல்லாம் மத்தியஸ்தர் என்று போட்டேன். தோழி அது தப்பு, பேச்சுவார்த்தையாளர் என்றுதான் போட வேண்டும் என்கிறாள். செய்திகளிலோ தூதர், சமரசப் பேச்சாளர், அனுசரணையாளர் என்றெல்லாம் வருகிறது. எல்லாம் ஒன்றுதானே?

வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

தோழி சொன்னதுதான் சரி. மத்தியஸ்தர் என்றால் இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட மூன்றாம் ஆள். உங்கள் கட்டுரையில் வருபவர் காவல்துறையின் ஆள், அதை அவர் மறைப்பதும் இல்லை. இந்த வேலையில் ஒரு விதி உண்டு: பேசுகிறவர் உத்தரவு போடக் கூடாது, உத்தரவு போடுகிறவர் பேசக் கூடாது. உள்ளே இருப்பவன் கார் கேட்டால் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று நேரத்தை இழுக்க முடிவது அதனால்தான்.

எல்லாம் ஒன்று இல்லை. இந்த ஆளை அனுப்பியது யார், எதையாவது விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் நான் சொல்லைத் தேடுவேன்.

2000 ஜூலையில் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது தமிழ்நாடு, கர்நாடக அரசுகளுக்காக நக்கீரன் கோபால் காட்டுக்குள் போனார். பத்திரிகைகள் அவரைத் தூதர் என்று எழுதின, பொருத்தமான சொல். கோரிக்கையை வெளியே கொண்டுவருவதும் பதிலை உள்ளே கொண்டுபோவதும் அவர் வேலை, முடிவு சென்னையிலும் பெங்களூரிலும். அப்படி எடுத்த முடிவும்கூட நிற்கவில்லை. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்டிருந்த கைதிகளை விடுவிக்க அரசுகள் இறங்கி வந்தபோது உச்ச நீதிமன்றம் குறுக்கே நின்றது.

இந்த வித்தியாசத்தை நம்மில் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ஈழத்து வாசகர்கள். பட்டுத் தெரிந்துகொண்டது அது. 1985-இல் பூட்டான் தலைநகர் திம்புவில் இலங்கை அரசையும் தமிழ் இயக்கங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த இந்தியா அன்று மத்தியஸ்தர். இரண்டே வருடத்தில், 1987 ஜூலை 29 அன்று, இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவோடு ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியே கையெழுத்துப் போட்டார், புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. மத்தியஸ்தர் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகிவிட்டார், அக்டோபரில் புலிகளோடு மூண்ட போரிலும் ஒரு தரப்பாகிவிட்டார். அதற்குப் பிறகும் இந்தியாவை மத்தியஸ்தர் என்று எழுதுவது என் பார்வையில் வாசகனை ஏமாற்றுவது.

அப்புறம் அரசையும் புலிகளையும் பேசவைக்க நோர்வே வந்தது. நாங்கள் மத்தியஸ்தர் இல்லை, அனுசரணையாளர் மட்டும்தான் என்று அவர்கள் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். இடத்தை ஏற்பாடு செய்வோம், சேதி கொண்டுபோவோம், எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டோம் என்று அதற்கு அர்த்தம். 2002 செப்டம்பரில் தாய்லாந்தில் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்த புலிகளின் அன்டன் பாலசிங்கமும் அரசின் ஜி.எல். பீரிசும்தான் பேச்சுவார்த்தையாளர்கள், நோர்வேயின் எரிக் சொல்ஹெய்ம் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல், நோர்வே ஏன் தட்டிக்கேட்கவில்லை என்று அன்று எத்தனையோ பேர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் தட்டிக்கேட்கும் வேலையை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அதே சமயம் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்கும் நோர்வேதான் தலைமை. மீறல் என்று ஒரு தரப்பைக் குறை சொல்லிவிட்டு மறுநாள் அதே தரப்பிடம் நம்பிக்கையோடு பேசப் போவது எப்படி? இரண்டு வேலையையும் ஒருவரிடமே கொடுத்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

2003 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா, பிரதமர் ரணிலின் அரசிடமிருந்து பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளை எடுத்துக்கொண்டார். கொழும்பில் யாருக்கு அதிகாரம் என்பது தெளிவாகும்வரை எங்கள் பணி நிற்கிறது என்று நோர்வே ஒதுங்கிக்கொண்டது. நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விக்கும் இலங்கை அரசின் பக்கத்தில் அன்று பதில் இல்லை.

நம் ஊர்த் தொழிற்சங்கத்துக்காரர்களைக் கேட்டாலும் தெரியும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் போட்டதற்கு, சட்டப் பிரிவின் எண்ணை வைத்து, ‘12(3) ஒப்பந்தம்’ என்று பெயர். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டத்தின்படி கையெழுத்துப் போடாத சங்கத்துத் தொழிலாளியையும் அது கட்டுப்படுத்தியது. நிர்வாகமும் சங்கமும் நேராகப் பேசிப் போட்டது ‘18(1)’, அது கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. இதில் சங்கத் தலைவர்தான் பேச்சுவார்த்தையாளர், அலுவலர் சமரசம் செய்பவர். பேரம் என்ற சொல்லுக்குப் பொதுவாக நல்ல பெயர் இல்லை, ஆனால் ‘கூட்டுப் பேர உரிமை’ என்று சங்கத்தில் சொல்லும்போது அதற்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. அதை நாகரிகமாக மாற்றுகிறேன் என்று யாரும் கை வைக்காமல் இருந்தால் நல்லது.

பேச்சுவார்த்தையாளர் என்பது நீளமாகப் பட்டால் ‘பேச்சு நடத்துபவர்’ என்று எழுதுங்கள். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘காவல்துறைக்காகப் பேச்சு நடத்துபவர்’ என்று முழுதாகப் போட்டுவிடுங்கள்.