கனோடெர்மா கேப்சூலை நம்பி அப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு, என்ன பண்றது?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 64 வயசு, பத்து வருஷமா சுகர். போன தை மாசம் ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சாங்க, அதுல இருந்து ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் ஓடுது. எங்க சித்தப்பா கனோடெர்மா காளான் கேப்சூல், காளான் காபின்னு விக்கிறாரு. அவர் பேச்சைக் கேட்டு அப்பா ரெண்டு வாரமா சுகர் மாத்திரையை விட்டுட்டாரு, ஹார்ட் மாத்திரையையும் சீக்கிரம் விடலாம்ங்கிறாரு. இப்ப உடம்பெல்லாம் அரிப்பு, லூஸ் மோஷன் வேற. கேட்டா "கழிவு வெளிய போகுது, பயப்படாதே"ன்னு சித்தப்பா சொல்றாரு. நம்பலாமா?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: நம்பாதீங்கம்மா. லெட்டர் கைக்கு வந்த அன்னைக்கே ஆபீஸ்ல இருந்து உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லச் சொன்னேன், இதே நிலைமையில இருக்கற மத்த வீடுகளுக்காக இங்கயும் எழுதறேன்.

முதல்ல ஸ்டென்ட். உள்ள வச்ச அந்தக் கம்பி வலையில ரத்தம் கட்டிக்காம காப்பாத்தறதே அந்த ரெண்டு மாத்திரைதான், அதை எப்ப நிறுத்தலாம்னு சொல்ல வேண்டியவர் ஸ்டென்ட் வச்ச டாக்டர் மட்டும்தான், சித்தப்பாவும் இல்ல நானும் இல்ல. சரி மாத்திரையோட சேர்த்து காளானையும் சாப்பிடட்டுமேன்னா அதுலயும் சிக்கல் இருக்கு, கனோடெர்மாவுக்கு ரத்தம் உறையறதைக் குறைக்கற தன்மை இருக்கறதா சொல்றாங்க, ஏற்கெனவே ரத்தத்தை இளக்கற ரெண்டு மாத்திரை போடறவருக்கு அது கூடச் சேர்ந்தா பல் ஈறுல ரத்தம், மலம் தார் மாதிரி கறுப்பா போறதுன்னு ஆகலாம். அப்படி ஏதாவது தெரிஞ்சா ராத்திரின்னாலும் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

இந்தக் காளானை நான் மட்டமா பேசல. சீனாவுல லிங்சின்னும் ஜப்பான்ல ரெய்ஷின்னும் சொல்லி ரொம்ப காலமா மருந்தா மதிக்கறாங்க, பீட்டா குளுக்கான், ட்ரைடெர்பீன்னு அதுல இருக்கற சத்தையெல்லாம் லேப்ல நிறைய பேர் ஆராய்ச்சியும் பண்றாங்க. ஆனா லேப்ல நடக்கறது வேற, மனுஷ உடம்புல நடக்கறது வேற. சுகருக்கும் ஹார்ட்டுக்கும் இது உதவுதான்னு மருத்துவ சோதனைகளை ஒண்ணா சேர்த்து அலசற காக்ரேன் அமைப்பு 2015ல அதுவரை நடந்த சோதனைகளை எடுத்துப் பார்த்தாங்க, 5 சோதனை, மொத்தம் 398 பேர், சுகர் குறைஞ்சதுக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கல. புற்றுநோய்க்கும் இதையே முதல் சிகிச்சையா எடுத்துக்கற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுதான் அவங்க முடிவு.

"கழிவு வெளிய போகுது"ங்கற பேச்சுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. உடம்பு வேண்டாம்னு கத்தறதை குணமாகுதுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டா அப்புறம் எந்த ஆபத்தையும் கண்டுபிடிக்க முடியாது! அரிப்பு கல்லீரல் கெடறதோட ஆரம்பமா கூட இருக்கலாம். தாய்லாந்துல இந்தக் காளான் பவுடர் சாப்பிட்ட ஒருத்தர் கல்லீரல் செயலிழந்து இறந்தது 2007ல மருத்துவ இதழ்லயே வந்திருக்கு. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்லல, ஆனா கேப்சூலை இன்னைக்கே நிறுத்திட்டு, சுகர் மாத்திரையை திரும்ப ஆரம்பிக்க டாக்டர்கிட்ட பேசிட்டு, லிவர் டெஸ்ட், கிட்னிக்கு கிரியாட்டினின், சுகர் மூணும் பாருங்க. போகும்போது கேப்சூல் டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க, திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க.

டப்பாவை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. உணவு சப்ளிமென்ட்னு விக்கறதுல "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கணும், அதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. சுகரும் கேன்சரும் குணமாகும்னு விளம்பரம் பண்றதையே மருந்து, மாய நிவாரண விளம்பரங்களுக்கான 1954 சட்டம் தடுக்குது. காபி பாக்கெட்லயும் என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு பாருங்க, சர்க்கரை, க்ரீமர் எல்லாம் கலந்த காபியா இருந்தா அதை சுகர்காரருக்கு தினமும் குடுக்கறது எந்த வைத்தியத்துல சேர்த்தி?

சித்தப்பாகிட்ட சண்டை போடாதீங்க, அவரும் நல்லது பண்றோம்னு நம்பிதான் குடுத்திருப்பாரு. அவரையே அப்பாவோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: எங்க தென்னை மரத்தடியில செங்காவி கலர்ல பளபளன்னு கட்டியா காளான் வந்திருக்கு. இதுவும் கனோடெர்மாதான்னு சொல்றாங்க, காய வச்சு அரைச்சுக் குடிக்கலாமா?
- வாசகர், பேராவூரணி

பதில்: வேண்டவே வேண்டாம். கனோடெர்மாவுல நிறைய வகை இருக்கு, கண்ணால பார்த்து எதுன்னு பிரிக்க முடியாது. அதோட இந்தக் காளான் வந்தாலே மரத்துக்கு நோய்னு அர்த்தம், அதுக்கு வேர் வழியா ஹெக்சகோனசோல், மயில்துத்தம்னு பூஞ்சை மருந்து ஏதாவது கட்டியிருப்பீங்க. அது காளான்ல இருக்காதுன்னு யார் சொல்ல முடியும்? மரத்துக்கு வந்திருக்கறது அடித்தண்டை அழுக வைக்கற நோய், 1952ல தஞ்சாவூர் பக்கம் பார்த்ததால தஞ்சாவூர் வாடல்னே பேர். காளானை வெட்டி எடுத்து எரிச்சுட்டு, மரத்தைச் சுத்தி குழி வெட்டி பக்கத்து மரத்துல இருந்து தனியா பிரிச்சிடுங்க, மத்த மரங்களுக்கு மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வைங்க, வேளாண் ஆபீசரை ஒரு தடவை தோப்புக்கு வரச் சொல்லிக் காட்டிடுங்க.