சென்னைக்குக் குடிபெயர்கிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மாத வாடகை 18,000 ரூபாய். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். இது சட்டப்படி சரியா? (திருநெல்வேலி வாசகர்)

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்த விலக்கைத்தான் உரிமையாளர்கள் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதால், பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலான சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

வீடு பார்க்கும்போது முதலில் எதைக் கவனிப்பது? (தஞ்சாவூர் வாசகர்)

தண்ணீரை. வாடகைகூட அதற்குப் பிறகுதான். காவிரிக் கரையிலிருந்து வருகிறவருக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் மட்டும்தானா, கோடையில் லாரி வாங்கினால் செலவை யார் ஏற்பது என்று கேளுங்கள். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடும்.

மழைக்காலத் தண்ணீர் வேறு கதை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கின. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் 2023 மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தவித்தன. சதுப்பு நிலத்தையும் ஏரியையும் அடுத்து வீடு கட்டினால் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரத்தான் செய்யும். தரகர் "இங்கே தண்ணியே நிக்காது சார்" என்பார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரையோ எதிர்வீட்டுக்காரரையோ கேட்டால், அந்த ஆண்டு எந்தப் படி வரை ஏறியது என்று காட்டுவார்கள். தரைத்தளத்தைத் தவிர்ப்பது என் சொந்தச் சிபாரிசு. மின் மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் எரிவாயு, வாக்காளர் அட்டை ஆகியவற்றை எப்படி மாற்றுவது? (கோவை வாசகர்)

ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டை வாங்கி வாருங்கள். அதைக் காட்டி இங்கே இணைப்புப் பெறலாம். வாக்காளர் முகவரிக்குப் படிவம் 8 போதும். ரேஷன் அட்டை முகவரியை இணையவழியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

அரசுப் பேருந்தில் வரும் பெற்றோரை எங்கே அழைக்கச் செல்வது? (மதுரை வாசகர்)

கோயம்பேட்டுக்குப் போய்விடாதீர்கள். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையமே தென்மாவட்டப் பேருந்துகளுக்கு உரியது. அது வண்டலூரை அடுத்துள்ளது. வடசென்னையில் வீடு என்றால், அங்கிருந்து மாநகரப் பேருந்தில் வந்து சேரவே வெகுநேரமாகும். மூட்டை முடிச்சுடன் வரும் முதியவர்களுக்கு எழும்பூரில் வந்து இறங்கும் ரயிலே உகந்தது.