கைநாட்டு வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் திருத்தப் பிரதேச செயலகத்துக்குப் போனோம். தமிழில் நிரப்பிய படிவத்தை உத்தியோகத்தர் வாங்கவில்லை. "தோட்டத்து ஆள்களுக்கு இதே வேலை" என்று எல்லார் முன்னாலும் ஏசினார். அடுத்த வாரமே இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். இப்போது தோட்டத் தலைவர் மூலம் சொல்லி அனுப்புகிறார்கள், வாபஸ் வாங்கினால் வேலை முடியுமாம். சிங்களத்தில் அடித்த கடிதமும் வந்திருக்கிறது. கைநாட்டு வைத்துவிடலாம் என்கிறார் அம்மா.

ஒரு வாசகி, ஊவா

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கும் அந்த மேசைக்கு முன்னால் நிற்கப்போவது அவர்தான். முகநூலில் வீரம் பேசுகிறவர்கள் இல்லை. வாபஸ் வாங்குவது அவர் இஷ்டம். ஆனால் அந்தக் கடிதத்தில் கைநாட்டு வேண்டாம்.

முதலில் சிங்களம் தெரிந்த, உங்கள் பக்கத்து ஆள் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். "அப்படி எதுவும் நடக்கவில்லை, தவறாக விளங்கிக்கொண்டேன்" என்று ஒரு வரி நைசாக உள்ளே இருக்கலாம். முறைப்பாட்டைத் தொடராமல் விடுவது வேறு, பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுப்பது வேறு. தமிழ்ப் படிவத்தைத் தள்ளிவிட்டுச் சிங்களக் கடிதத்துக்குக் கைநாட்டுக் கேட்கிறார்களே, மொழிப் பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12(2) உறுப்புரைக்கு இதைவிட உதாரணம் கிடைக்குமா? கடிதத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

கெடு ஒன்றும் இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போக ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போயிருந்தால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. வாபஸ் வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஆணைக்குழு யாரையும் தண்டிக்காது, பரிந்துரைதான் செய்யும். ஆனால் இரு தரப்பையும் கூப்பிட்டு இணக்கம் பேச அதற்கு வழியிருக்கிறது. பெயரைத் திருத்தித் தர அவர்கள் தயார் என்றால் அதை அங்கே வந்து சொல்லட்டும், பதிவாகட்டும். தலைவர் வீட்டுத் திண்ணையில் கொடுத்த வாக்கை யாரிடம் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகும் அம்மாவுக்குப் போதும் என்று பட்டால், தமிழில், அவர் பேரில், முறைப்பாட்டு இலக்கம் போட்டு, "தொடர விரும்பவில்லை" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். பிரதியில் சீல் வாங்குங்கள். தலைவர் மறுபடி வந்தால், பத்திரம் முதலில் கைக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.