மூன்று கேபின், ஒரே கார்டு

கேள்வி: நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். இரண்டு பிள்ளைகள். எட்டு மாதம் கழித்து ஐந்து இரவு சொகுசுக் கப்பல் பயணம் போக முடிவு செய்திருக்கிறோம். மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பத்தில் நான்கு பேர் என்று மொத்தம் பத்துப் பேர், மூன்று கேபின். ஒரே ஆள் கட்டினால்தான் கேபின்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்று ஏஜெண்ட் சொன்னதால் முன்பணம் முழுவதையும் என் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். நாத்தனார், "போயிட்டு வந்து மொத்தமா கணக்குப் பார்த்துக்கலாம் அண்ணி" என்கிறார். போன வருடம் குடும்பமாகச் சுற்றுலா போனபோதும் இதையேதான் சொன்னார். அதில் பாதிப் பணம் இன்னும் வரவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. மீதித் தொகையை ஐந்து மாதத்துக்குள் கட்ட வேண்டும். 18 மாத இஎம்ஐ எடுக்கலாமா, கார்டிலேயே போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாமா? பத்து வருடத்துக்குப் பாயிண்ட் தரும் ஹாலிடே கிளப்பிலும் சேரச் சொல்கிறார்கள். எது லாபம்? எங்கள் வரவு செலவுப் பட்டியலைத் தனியாக இணைத்திருக்கிறேன். தொகைகளை வெளியிட வேண்டாம்.

பதில்: தொகைகளை வெளியிடவில்லை. உங்கள் வீட்டு மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன்.

பட்ஜெட் போடுங்கள், சலுகை வரும்போது புக் செய்யுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது, அதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இஎம்ஐயா கார்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "முன்பணம் முழுவதையும் என் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன்." உங்களுக்குக் கடன் தேவைப்படுவதே இந்த ஒரு பழக்கத்தால்தான்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் தங்கும் கேபின் 110, மாமனார் மாமியார் கேபின் 80. (ஆள் எண்ணிக்கை இரட்டிப்பானாலும் கட்டணம் இரட்டிப்பாகாமல் இருப்பது சரிதான். கேபினில் முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பொதுவாகக் குறைவாகவே போடுவார்கள்.) ஆக 110, 80, 110. மொத்தம் 300. இதில் கால்வாசி, அதாவது 75, கட்டிவிட்டீர்கள். பாக்கி 225. இந்த 225-க்குத்தான் கடன் தேடுகிறீர்கள்.

இந்த 300-இல் உங்கள் பங்கு எவ்வளவு? உங்கள் கேபின் 110, பெரியவர்கள் கேபினில் பாதி 40. மொத்தம் 150. நாத்தனார் பங்கும் அதே 150. அவர்கள் பங்கை அவர்களே கட்டினால், ஏற்கெனவே கட்டிய 75 போக நீங்கள் கட்ட வேண்டியது இன்னும் 75 மட்டுமே. மாதம் 17 மிச்சம் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதத்தில் 85. கடனே தேவையில்லை!

இன்னொன்றையும் கவனித்தேன். அவசரத்துக்கென்று நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பது 150. நாத்தனார் பங்கும் 150. போன வருடம் அவர்கள் பங்கான 40-இல் 20 வந்தது, 20 நின்றுபோனது. அதைத் தாங்கிக்கொண்டீர்கள். இப்போது 150-இல் பாதி நின்றாலும் வீட்டின் பாதுகாப்புப் பணத்தில் பாதி போன மாதிரி.

இஎம்ஐ பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். ஏஜெண்ட் சொல்லும் 10 சதவீதம் ஃப்ளாட் வட்டி. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் கடைசி வரை ஓடும். 225-க்கு ஒன்றரை வருட வட்டி சுமார் 34. மொத்தம் 259, மாதம் 14-க்குக் கொஞ்சம் மேல். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் வருகிறது. உங்கள் 17-இல் மாதம் 3 கூட மிஞ்சாது. ஐந்தாம் மாதம் கடன் எடுத்து எட்டாம் மாதம் பயணம் போனால், கப்பலைவிட்டு இறங்கிய பிறகும் 15 மாதம் கட்டுவீர்கள். கார்டு அதைவிட மோசம். மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்து, பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், ஒரு வருடத்தில் 120-க்கு மேல் கட்டியிருப்பீர்கள், இன்னும் 170-க்கு மேல் பாக்கி நிற்கும். இரண்டும் வேண்டாம்.

ஒரே ஆள் கட்டினால்தான் பக்கத்துக் கேபின் கிடைக்கும் என்பது தவறான தகவல். கேபின் எண்ணைத் தேர்ந்தெடுத்துப் புக் செய்திருந்தால், யார் பணம் கட்டினாலும் அந்த எண் உங்களுடையதுதான். பெரும்பாலான கப்பல் நிறுவனங்களில் ஒவ்வொரு கேபினுக்கும் தனி புக்கிங் எண் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னால், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் ஒரே நேரத்தில், பக்கத்து மேஜைகளில் உட்கார வைப்பார்கள். ஒன்றை மட்டும் சரிபாருங்கள். உங்களுடையது 'கியாரண்டி' வகைக் கேபினாக இருந்தால் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும், அதில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒரே கார்டில் கட்டியதால் அது மாறாது.

ஆகவே முதல் வேலை, மூன்று புக்கிங்கையும் பிரித்து அவரவர் பாக்கியை அவரவரே நேரடியாகக் கட்டும்படி ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்பது. இரண்டாவது, பேச்சு. இதை உங்கள் கணவர் பேச வேண்டும். அவர் தங்கை, அவர் பெற்றோர். அண்ணி கேட்டால் கணக்குப் பார்க்கிறாள் என்று ஆகும், அண்ணன் சொன்னால் ஏற்பாடு என்று எடுத்துக்கொள்வார்கள். சண்டையாகவோ சலிப்பாகவோ இல்லாமல், இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்:

"மூணு கேபினையும் தனித்தனி புக்கிங்கா மாத்தச் சொல்லியிருக்கோம். உன் கேபின் 110, அப்பா அம்மா கேபின்ல பாதி 40. முன்பணத்துல உன் பங்கு 37 ஆச்சு, இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பிடு. மீதி 113-ஐ நாலு மாசத்துக்குள்ள நீயே ஏஜெண்டுக்குக் கட்டிடு. முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற மாதிரி பார்த்துக்கலாம்."

எண்களுக்குப் பதில் உண்மைத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசித் தேதி ஐந்தாம் மாதமாக இருக்க, நான்கு மாதம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். கப்பல் பயணத்தில் மீதிப் பணம் கட்டும் நாள்தான் எல்லைக்கோடு. அதைத் தாண்டி ரத்து செய்தால் பயணத் தேதி நெருங்க நெருங்க பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசியில் முழுத் தொகையும் போய்விடும். அந்த ஒரு மாத இடைவெளியில் பணம் வராவிட்டால், வலித்தாலும் அவர்கள் கேபினை விட்டுவிடுங்கள். மலிவான கட்டண வகைகளில் முன்பணம் பெரும்பாலும் திரும்பாது. அந்தக் கேபினுக்கு நீங்கள் கட்டிய 27 போகலாம். 110-ஐயும் கட்டிவிட்டுக் காத்திருப்பதைவிட 27-ஐ இழப்பது மேல்.

அப்படி நடந்தால் உங்கள் கேபினுக்கும் பெரியவர்கள் கேபினுக்கும் பாக்கி சுமார் 142 வரும். கையில் 85. பால்கனி உள்ள கேபினிலிருந்து ஜன்னல் அறைக்கோ ஜன்னல் இல்லாத உள்ளறைக்கோ மாறினால் இடைவெளி குறையும். அப்போதும் எட்டாவிட்டால், எல்லைத் தேதிக்கு முன்பே வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பெரியவர்களுக்குப் பால்கனியைவிடக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் அறைதான் நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு.

இனி கப்பலுக்குள். இதே பழக்கம் அங்கே இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அங்கே பணமே கண்ணில் படாது. ஏறும்போது ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பர்ஸ். உங்கள் கிரெடிட் கார்டை அதோடு இணைத்துவிடுவார்கள். நான் ஒருமுறை அண்ணன் குடும்பத்தோடு போனபோது, வரிசை நீளமாக இருக்கிறதே என்று மூன்று கேபினுக்கும் என் கார்டையே பதிவு செய்தேன். பிள்ளைகள் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். விளையாட்டு மெஷினில் ஒரு தட்டு, குளிர்பானத்துக்கு ஒரு தட்டு, மாடிப்படியில் எடுத்த புகைப்படத்துக்கு ஒரு தட்டு. கடைசி நாள் காலையில் கதவிடுக்கில் செருகியிருந்த பில்லைப் பிரித்தபோது நான்கு தாள். அதில் எது யாருடையது என்று அண்ணனிடம் உட்கார்ந்து கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் வரவும் இல்லை. அதனால்தான் உங்கள் கூச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கேபினுக்கு ஒரு கார்டு, அவரவர் கார்டு. பிள்ளைகளின் அட்டையில் செலவை முடக்கவோ வரம்பு வைக்கவோ வரவேற்பு மேஜையில் சொன்னால் செய்துதருவார்கள். டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவுக்கு முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும், அதுவரை உங்கள் சொந்தப் பணமே உங்களுக்குக் கிடைக்காது.

டிக்கெட்டில் சேராத முக்கியச் செலவு டிப்ஸ். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் இப்போது சாதாரணக் கேபினுக்கே ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர், பிள்ளைகளுக்கும் சேர்த்து, தானாகவே பில்லில் ஏறும். நான்கு பேர், ஐந்து நாள் என்றால் 320 முதல் 400 டாலர். உங்கள் பட்டியலில் இது இல்லவே இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள். பானங்களுக்கான பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். பல கப்பல்களில் ஒரு கேபினில் ஒரு பெரியவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் மற்றப் பெரியவரும் எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் 18, 20 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. தண்ணீர், காபி, டீ பெரும்பாலும் இலவசம்தான். போனை ஏறியதுமே ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்தால் ரோமிங் பில் வீட்டுக்கு வந்து சேரும்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் காப்பீடு. கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் இலவசம் இல்லை, பில் நேராகக் கேபின் கணக்கில் ஏறும். நோய் முற்றிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால் செலவு பயணக் கட்டணத்தையே பல மடங்கு தாண்டிவிடும். வீட்டில் இருக்கும் மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். மாமனாருக்கு இதய மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிவத்தில் மறைக்காமல் எழுதி, அவசர இடமாற்றமும் பயண ரத்தும் அடங்கிய பாலிசியாக இப்போதே எடுங்கள்.

கடைசித் தவணை கட்டியபின் எட்டாம் மாதம் வரை 51 சேரும், முன்னால் மிஞ்சிய 10-ஐயும் சேர்த்தால் 61. கப்பல் செலவுக்கு 35, துறைமுகம் போய்வர 20, காப்பீட்டுக்கு 5 என்று பிரித்திருக்கிறேன். அந்த 20-இல் ஒரு இரவு ஹோட்டல் வாடகையும் அடக்கம். கப்பல் புறப்படும் நாளன்று போய்ச் சேரும்படி டிக்கெட் போடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஹாலிடே கிளப் விஷயத்தில் எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அடுத்த பத்து வருடத்தில் போகப்போகும் பயணங்களுக்கு இன்றே பணம் கேட்கிறார்கள். பாயிண்டின் மதிப்பை அவர்கள் மாற்றலாம், பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றலாம், நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. 2022 ஜனவரியில் கென்டிங் ஹாங்காங் நிறுவனம் நொடித்தபோது, அதன் கிரிஸ்டல் சிம்பொனி கப்பல் எரிபொருள் பாக்கிக்காக அமெரிக்காவில் கைது ஆணைக்கு (கப்பலையே பிடித்து வைக்கும் நீதிமன்ற உத்தரவு) உள்ளாகி, பயணிகளோடு பஹாமாஸுக்குத் திசை மாறிப் போனது. 2023-இல் 'லைஃப் அட் சீ' என்று மூன்று வருட உலகப் பயணம் விற்றார்கள். கப்பலே வாங்க முடியாமல் நவம்பரில் ரத்து செய்தார்கள், பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெற அலைந்தார்கள். பெரிய நிறுவனமானாலும் புதிய நிறுவனமானாலும் இந்த நிலை வரலாம். அடுத்த பயணத்துக்கான பணம் அதுவரை உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். கப்பலிலும் 'அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம்' என்று ஒரு மேஜை போட்டிருப்பார்கள். அங்கேயும் உட்கார வேண்டாம்.

போன வருடப் பாக்கி 20-ஐ இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள். அது பிறகு. ஏஜெண்டுக்கு மெயிலை இன்றிரவே அனுப்புங்கள். புக்கிங் பிரிந்த உறுதிக் கடிதம் கைக்கு வந்ததும் கணவர் அந்த வாட்ஸ்அப்பை அனுப்பட்டும். நாத்தனார் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பணம் கொஞ்சம் முன்பின் ஆகும் என்றால் தேதிகளை மாற்றிப் போட்டுத் தருகிறேன்.